நான்காவது பந்து

நான்காவது பந்து கூடைக்குள் விழாது. ஒரு சாண் முன்னாலேயே தரையில் விழுந்து, இரண்டு முறை குதித்து, சுவரோரமாக உருண்டு போய் நிற்கும். விழட்டும். அதைப் பார்க்கத்தானே வந்தேன்.

சுகிர்தா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணும், அவளுக்குப் பக்கத்தில் நின்று ஒயர்களைச் சொருகிக்கொண்டிருந்த இளைஞனும் நான்கு பந்தும் கூடைக்குள் போக வேண்டும் என்று காத்திருந்தார்கள். நான்கும் போனால்தான் தாங்கள் செய்தது சரி என்று அவர்கள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த இளைஞன் ஜெமிமாவைப் பார்த்ததில்லை. அந்தப் பெண் பார்த்திருக்கிறாள். ஆனால் ஜெமிமா இறந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது.

மேசையின்மேல் எறிபொறி இருந்தது. எதிரெதிராகச் சுற்றும் இரண்டு ரப்பர் சக்கரங்கள். நடுவே சாத்துக்குடி அளவு ஸ்பாஞ்சுப் பந்து நுழைந்தால், இரண்டும் அதைக் கவ்வி வீசி எறியும். மேலே நான்கு பந்து கொள்ளும் தகரக் குழாய். பக்கத்தில், கட்டைவிரலால் அழுத்துகிற ஒரு விசை. இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் மாணவர் ரோபோ போட்டிக்காக சுகிர்தாவும் ஜெமிமாவும் அஷ்ரஃபும் இதே அறையில் செய்தது. ரோபோவின் உடம்பும் சக்கரங்களும் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. இந்த ஒரு பாகம் மட்டும் துறையின் கண்ணாடி அலமாரியில் 'இரண்டாம் பரிசு' என்ற அட்டையோடு தங்கிவிட்டது.

அறை மாறியிருந்தது. வெல்டிங் கரி படிந்த சுவர்கள் வெள்ளையாகியிருந்தன. ஜன்னல் கம்பி மட்டும் அதேதான். அஷ்ரஃப் மழையில் நனைந்து வந்தால் சட்டையைக் காயப்போடுகிற கம்பி.

"டீ ஆறுதுங்க மேடம்," என்றான் இளைஞன். அவன் பெயர் இளம்பரிதி. கைத்தடம் எடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்திருந்தான்.

"ஆறட்டும் தம்பி. நீங்க போன்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சுது."

"ரொம்ப சுலபமுங்க. செத்துப்போனவங்க முகம் வீடியோல இருக்கும், குரல் இருக்கும். கை இருக்காது. எவ்வளவு அழுத்திப் புடிப்பாங்க, எவ்வளவு நேரம் கழிச்சு விடுவாங்க, அது எங்கயும் பதிவாகறதில்ல. சில பேருக்கு மட்டும் இருக்கும். எந்திரத்தை வெச்சு ஆபரேசன் பண்ணுன டாக்டருங்க, கிரேன் ஓட்டுனவங்க. அப்புறம் உங்கள மாதிரி, விசைல அழுத்தம் அளக்கற போர்டு மாட்டியிருந்த காலேஜ் புள்ளைங்க. அது இருந்துச்சுன்னா நாங்க கையைத் திரும்பச் செஞ்சுபோடுவோமுங்க."

"பந்து எறியற விசையை அழுத்துனதை வெச்சா?"

"மூணே விசயம் போதுமுங்க. எவ்வளவு நேரம் பொறுப்பாங்க. எவ்வளவு அழுத்துவாங்க. ஒரு தடவை தப்பாப் போனா அடுத்த தடவை எப்படித் திருத்துவாங்க. பந்தை எறிஞ்சாலும் புள்ளை தலையத் தடவுனாலும் இந்த மூணும் மாறாதுங்க."

அந்தப் பெண், கெசியா, மடியில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து அதை எடுத்தாள். எடுக்கும்போதே பையின் ஜிப் சிக்கிக்கொள்ள, வெடுக்கென்று இழுத்தவள் சட்டென நிறுத்தி, உதட்டுக்குள் ஏதோ எண்ணிவிட்டு, பிறகு மெதுவாகத் திறந்தாள். உள்ளே இளஞ்சூடான, மெத்தென்ற ஒரு கை. மணிக்கட்டோடு முடிந்திருந்தது. பார்க்கக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"மூணு மாசமா என்கிட்ட இருக்கு ஆன்ட்டி," என்றாள் கெசியா. "ராத்திரி தலைமாட்டுல வெச்சுக்குவேன். என் தலை மேல பட்டா உடனே தடவாது. கொஞ்சம் பொறுத்து, நான் தூங்கிட்டனான்னு பாத்துட்டுத் தடவற மாதிரி இருக்கும்."

"தொண்ணூறு நாள்தாங்க பரிசோதனைக் காலம்," என்றான் இளம்பரிதி. "அதுக்குள்ள குடும்பத்துல இல்லாத, கூட வேலை பாத்தவங்க ஒருத்தர் 'இது அவங்க கைதான்'னு சாட்சிக் கையெழுத்துப் போடோணும். இல்லாட்டி அழிச்சிரோணும். முன்னாடி சில பேர் யார் கையையோ அப்பா கை, தாத்தா கைன்னு வித்துப்போட்டாங்க. அதுக்கப்புறம் வந்த சட்டம். உங்களுக்கு இன்னும் நாலு நாள் இருக்குதுங்க."

"அஷ்ரஃப்கிட்டக் கேக்கலையா?"

"கேட்டோமுங்க. 'ரோபோவை ஓட வைக்கற சக்கரம் செஞ்சதுதான் நானு. பந்து விசயம் சுகிர்தாவுக்குத்தான் தெரியும்'னுட்டாருங்க."

கெசியா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மாவைப் பத்தி வீட்டுல ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வாங்க ஆன்ட்டி. அவசரக்காரி. எங்கத்தைதான் என்னை வளத்தாங்க. நல்லவங்கதான். ஆனா நான் தண்ணி சிந்துனாலும், படில ரெண்டு ரெண்டாத் தாவுனாலும், 'அம்மா மாதிரியே அவசரக்காரி'ம்பாங்க. 'கொஞ்சம் பொறுத்து வண்டி எடுத்திருந்தா உனக்கு அம்மா இருந்திருப்பா'ம்பாங்க. அன்னிக்கு மழை பெஞ்சுதே, நின்னதும் வந்திருக்கலாமேன்னு. என்னைக் குழந்தைக் காப்பகத்துலருந்து கூட்டிட்டு வரத்தான் ஆன்ட்டி கிளம்புனாங்க."

"தெரியும் கண்ணு."

"அதனால நான் எதைச் செஞ்சாலும் மூணு எண்ணிட்டுத்தான் செய்வேன். ஏழு வயசுலருந்து. இந்தக் கை வந்ததும்தான் தெரிஞ்சுது, அம்மா அப்படி இல்லைன்னு. எவ்வளவு நிதானம் தெரியுமா ஆன்ட்டி? நீங்க கையெழுத்துப் போட்டுட்டா இதை எடுத்துட்டுப் போய் அத்தை முன்னால வெச்சிருவேன். புடிச்சுப் பாருங்க, இதுவா அவசரக்காரி கைன்னு கேப்பேன்."

சுகிர்தா அந்தக் கையைத் தொட்டாள். அது உடனே மூடவில்லை. ஒரு கணம் எடையைப் பார்த்துக்கொண்டது போல இருந்துவிட்டு, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக மடிந்து அவள் விரல்களைப் பற்றியது.  தெரிந்த பிடிதான். ஆனால் ஜெமிமாவை நினைத்துக்கொண்டு தொட்டால் அந்த நினைப்பு விலகி விலகிப் போயிற்று. வருடக் கணக்காகி விட்டது, மறந்திருப்பேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இப்பப் பாருங்க மேடம். இதே தடத்தை உங்க மெசின்ல ஏத்தியிருக்கேன். உங்க பழைய வேலையை அதுவே செய்யும்."

சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. காய்ந்த ரப்பர் சூடேறும் வாசனை வந்தது. சுகிர்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தச் சத்தத்தை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். கிரைண்டரில் உளுந்தைப் போட்டதும் சத்தம் கொஞ்சம் அமுங்குமே, அது போல ஒவ்வொரு பந்து போகும்போதும் சக்கரத்தின் வேகம் குறைந்து சத்தம் இறங்கும். முதல் பந்துக்குக் கொஞ்சம். மூன்றாவதற்குள் நன்றாகவே. நான்காவது பந்து நுழையும்போது சக்கரம் களைத்திருக்கும். கூடைக்கு ஒரு சாண் முன்னால் விழும். அந்த ஒரு சாணுக்காக அவள் நான்கு மாதம் உழைத்தாள்.

சக்கரத்துக்கு எடை கூட்டினால் வேகம் அவ்வளவு குறையாது என்று கணக்குப் போட்டு, கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளை வளையம் கடைந்து வாங்கினாள். "இது கிரைண்டருக்குங்களா, ரோபோவுக்குங்களா அம்மணி?" என்று கேட்டார் பட்டறைக்காரர். வளையத்தை மாட்டினால் சக்கரம் வேகமெடுக்கவே நேரமாயிற்று, மோட்டார் சூடாயிற்று. வளையத்தைப் பாதியாகக் கடைந்தாள். அப்போதும் நான்காவது பந்துக்கு முன்னால் கொஞ்சம் பொறுத்தாக வேண்டும். எவ்வளவு பொறுப்பது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அழுத்தம் அளக்கிற போர்டை விசையில் மாட்டினார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு வந்து எறிந்து எறிந்து பார்த்தாள். இறங்கிய சத்தம் மெல்ல ஏறி, ஒரு இடத்தில் வழுவழுவென்று ஆகும். அந்த இடத்தில் அழுத்தினால் நான்காவது பந்தும் கூடைக்குள் விழும்.

ஜெமிமா போத்தனூரிலிருந்து ஒன்பதரைக்குத்தான் வருவாள். வாயில் இட்லியோடு வருவாள். பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து சட் சட்டென்று இரண்டு அழுத்து அழுத்திப் பார்த்து, "இது இட்லி, இது கல்லு, இதும் இட்லி" என்று பிரித்துப் போடுவாள். பழசாகி மெத்தென்று போனது இட்லி. புதுசு கல். இட்லிகளைக் குழாயின் அடியில் போட வேண்டும், சக்கரத்துக்கு முழு வேகம் இருக்கும்போதே அவை போய்விட வேண்டும் என்பது அவள் கண்டுபிடிப்பு. மேடையேறி ரோபோவை இயக்கப்போவது அவள்தான். கூட்டத்தைப் பார்த்தால் சுகிர்தாவுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஜெமிமாவுக்குக் கூட்டம் என்றால் குஷி.

"வந்து பழகுடி," என்பாள் சுகிர்தா.

"பழகுனா கை மந்தமாயிரும்டி. மேடைல பாத்துக்கறேன். நீ மெசினைச் சொன்ன பேச்சு கேக்க வை, அது போதும்."

டப்.

சுகிர்தா கண்ணைத் திறந்தாள். முதல் பந்து கூடைக்குள். டப். டப். மூன்றும் உள்ளே.  இப்போது வரும் பார், மூன்றோடு ஒட்டிக்கொண்டு, பொறுக்காமல்.

வரவில்லை. சக்கரத்தின் சத்தம் இறங்கி, மெல்ல ஏறிற்று. ஏறிற்று. வழுவழுவென்று ஆயிற்று.

டப்.

நான்காவது பந்து கூடையின் நட்ட நடுவில் விழுந்தது. கெசியா கைதட்டினாள்.

சுகிர்தாவின் வலது கட்டைவிரல் மேசை விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது. நான்காவது பந்து போன அதே கணத்தில் அதுவும் அழுத்தியிருந்தது. அவள் விரலைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள்.

"இந்தப் பதிவெல்லாம் யார் பேருல இருக்கு தம்பி?"

"எல்லாமே 'ஜெமி'ங்கிற ஒரே பேர்லதாங்க. நாலாயிரத்துச் சொச்சம் எறி. வேற பேரே கிடையாது."

இருக்காது. எப்படி இருக்கும்? போர்டு மாட்டிய அன்று, உள்ளே நுழைய ஒரு பெயர் வேண்டும் என்று ஜெமிமாவின் பெயரைப் போட்டார்கள். அன்றைக்கு மூன்று மணி நேரம் எதுவும் விழவில்லை. ஜெமிமா கேண்டீனுக்குப் போன நேரத்தில் சுகிர்தா எறிந்த பந்துதான் முதன்முதலில் கூடைக்குள் விழுந்தது. மறுநாள் சுகிர்தா தன் பெயரில் நுழைந்து எறிந்தாள். ஒன்றும் விழவில்லை. அவள் பெயரை அங்கேயே அழித்துப் போட்டான் அஷ்ரஃப். "எனக்கு இந்த ராசி, சகுனத்துலயெல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா ஜெமி பேரை மட்டும் மாத்தாதீங்க." அவன்தான் ஆயுத பூஜைக்குச் சக்கரத்தில் சந்தனப் பொட்டு வைக்கச் சொன்னவன். ஜெமிமா பெரிதாக வைத்துவிட்டு விசையை அழுத்த, சந்தனம் முழுக்க அவன் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அந்த மூன்று பேருமே இயந்திரவியல் படித்தவர்கள். அதற்கப்புறம் யாரும் வேறு பெயரில் நுழையவே இல்லை. ராசி கெட்டுப்போகும் என்று.

"ஏன் மேடம், எதாச்சும் தப்புங்களா?"

"போட்டி நடந்த அன்னிக்கு எறிஞ்சது இருக்கா?"

இளம்பரிதி கையிலிருந்த கணினிப் பலகையில் தேடினான். "கடைசி நாள்... பதினோரு எறிங்க. அதை நாங்க சேத்தலீங்க. மத்த நாலாயிரமும் ஒரே மாதிரி அழகா இருக்குது. இது பதினொண்ணும் தாறுமாறா இருக்குதுங்க. போர்டு கோளாறா இருக்கோணும், இல்லாட்டி யாராச்சும் கை தெரியாம அழுத்தியிருக்கோணும்னு பிசிறுல தள்ளிவிட்டோமுங்க. எப்பவும் செய்யறதுதான்."

"அழிச்சிட்டீங்களா?"

"இல்லீங்க, தனியாக் கிடக்குது."

"அதை மெசின்ல ஓட்டுங்க."

"எதுக்குங்க? அது—"

"ஓட்டுங்க தம்பி. கெசியா, நாலு நாலாப் போடணும் கண்ணு. நாலு போனதும் அடுத்த நாலை நீதான் குழாய்ல நிரப்பணும். பத்து வினாடிதான் இருக்கும்."

கெசியா எழுந்தாள். புடவை முந்தானை போல துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். சுகிர்தாவுக்கு ஒரு கணம் எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பிற்று.

சக்கரங்கள் சுற்றின. அவை வேகமெடுத்து முடிப்பதற்குள்ளேயே முதல் பந்து பறந்தது. டப் டப் டப், மூன்றும் உள்ளே. டப். நான்காவது அவற்றோடு ஒட்டிக்கொண்டே போய், கூடைக்கு ஒரு சாண் முன்னால் விழுந்து, இரண்டு முறை குதித்து, சுவரோரமாக உருண்டது.

"போச்சு," என்றான் இளம்பரிதி.

"அடுத்த நாலு," என்றாள் சுகிர்தா.

கெசியா மூன்று எண்ணவில்லை. இரண்டு கையிலும் இரண்டிரண்டாக அள்ளிக் குழாயில் திணித்தாள். ஒன்று நழுவியதைக் காலால் தடுத்து எடுத்துப் போட்டாள். ஏழு வினாடிகூட ஆகவில்லை. "எறிடி," என்று இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னாள். டப் டப் டப், மறுபடி நான்காவது கீழே. மறுபடி நிரப்பினாள். டப் டப் டப். அத்தோடு நின்றது. கூடையில் ஒன்பது. தரையில் இரண்டு. குழாயில் ஒன்று மீதி.

மூச்சு வாங்க நின்ற கெசியா சிரித்துக்கொண்டிருந்தாள். தான் சிரிக்கிறோம் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது போல முகம் மாறியது.

"இது யாரு ஆன்ட்டி?"

"உங்கம்மா."

 சக்கரங்கள் சுற்றி அடங்கிக்கொண்டிருந்தன. இளம்பரிதி பலகையின்மேல் குனிந்துகொண்டான்.

"முப்பது வினாடிதான் குடுத்தாங்க," என்றாள் சுகிர்தா. "ஜெயிச்ச டீம் பத்து போட்டுது. நாங்க ஒம்பது. கீழ விழுந்த ரெண்டும் நாலாவது பந்து. நான் பொறு பொறுன்னு நாலு மாசமாச் சொன்ன பந்து. மேடைல இருந்து இறங்கி வந்தா. ஒரு பந்துல போச்சுடின்னு சொல்லிட்டுச் சிரிச்சா. நான் சிரிக்கல. திரும்பி வர்ற ரயில்ல, அஷ்ரஃப், கூட வந்த வாத்தியாரு எல்லாரும் இருக்கறப்ப, 'உன் அவசரத்தாலதான் போச்சு, அவசரக்காரி'ன்னு சொன்னேன்."

கெசியா அவளையே பார்த்தாள்.

"அந்தப் பேரை வெச்சது நான்தான் கண்ணு. காலேஜ் பூரா அந்தப் பேருதான் கூப்பிட்டாங்க. அவ கோவிச்சுக்கல. கல்யாணத்துல அஷ்ரஃப் அதைச் சொல்லி மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்டக் கிண்டல் பண்ணுனான். எல்லாரும் சிரிச்சோம். அங்கருந்து உங்கத்தை வாய்க்குப் போயிருக்கும்."

"ஆனா அவங்க அவசரத்தாலதானே தோத்தீங்க?"

"அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன். அவ போன மறு வாரம் போட்டியோட பழைய வீடியோவைப் போட்டுப் பாத்தேன். சும்மா அவ முகத்தைப் பாக்கணும்னுதான் போட்டேன். ஓரத்துல கடிகாரம் ஓடிட்டிருந்துச்சு. நான் பொறுக்கற மாதிரி அவ பொறுத்திருந்தா நாலு பந்து போட பத்து வினாடி ஆகியிருக்கும். நடுவுல நிரப்ப இன்னொரு பத்து. ரெண்டு தடவை போட்டதுமே நேரம் முடிஞ்சிருக்கும். எட்டுப் பந்து. எட்டும் கூடைல விழுந்திருக்கும். எட்டுதான்." சுகிர்தா ஆறிப்போன டீயைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தாள். "அவ மேடைல நின்னுக்கிட்டே அந்தக் கணக்கைப் போட்டிருக்கா. ஒண்ணு கீழ விழட்டும், மூணு போதும்னு. நான் நாலு மாசம் மெசினைத் திருத்துனேன். கடிகாரத்தைப் பாக்கல. அதை அவகிட்டச் சொல்ல முடியல. அதுக்குள்ள..."

ஜன்னலுக்கு வெளியே மாணவர்கள் யாரையோ கேலி செய்து கத்திக்கொண்டு போனார்கள். 

"அப்ப அந்த நாலாயிரம்?" என்று கேட்டாள் கெசியா.  "தினமும் யாரு எறிஞ்சாங்க?"

சுகிர்தா மேசைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

கெசியா மெதுவாக வந்து உட்கார்ந்தாள். பையை நெருக்கமாக இழுத்துக்கொண்டாள். "மூணு மாசமா என் தலையத் தடவுனது நீங்களா ஆன்ட்டி?"

"இருவத்தோரு வயசுல இருந்த நான். இப்ப இருக்கற கை இவ்வளவு நிதானமா இருக்குமான்னு தெரியாது."

"பதினொண்ணை வெச்சு ஒரு கை செய்ய முடியாதா சார்?"

"முடியாதுங்க," என்றான் இளம்பரிதி. நிஜமாகவே வருத்தமாக இருந்தது அவன் குரல். "குறைஞ்சது ஆயிரமாச்சும் வேணுமுங்க. பதினொண்ணை இப்படி மெசின்ல ஓட்டிப் பாக்கலாம், அவ்வளவுதான். ஓட்டறதுக்கு யாரோட கையெழுத்தும் வேண்டியதில்லீங்க. அது உங்களதுதான், காலேஜ்ல கேட்டாலே குடுத்துருவாங்க."

கெசியா குனிந்து, காலடிக்கு உருண்டு வந்திருந்த ஒரு பந்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். யோசிக்கிறபோது அவள் விரல்கள் தாமாகவே அதை சட் சட்டென்று இரண்டு முறை அழுத்தின. சுகிர்தா வேறு பக்கம் பார்த்தாள். பார்க்க முடியவில்லை. மறுபடி பார்த்தாள்.

"எப்படி இருக்கு அந்தப் பந்து?"

"மெத்துனு இருக்கு."

"அதுக்குப் பேரு இட்லி. உங்கம்மா வெச்ச பேரு."

கெசியா சிரிக்க முயன்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, திடீரென்று நிமிர்ந்தாள்.

"உயிரோட இருக்கறவங்க தன் கையைத் தரலாம்ல சார்?"

"தரலாமுங்க. அதுக்குச் சாட்சியே வேண்டாம். அவங்களே கையெழுத்துப் போட்டாப் போதும். அவங்க கைத்தடமே இதுல இருக்கறதுனால இதையே வெச்சுக்கலாம், அழிக்க வேண்டியதில்ல."

"அந்தப் படிவத்தைக் குடுங்க."

இளம்பரிதி பலகையில் வேறொரு படிவத்தைத் திறந்து நீட்டினான். கெசியா அதை வாங்கி சுகிர்தாவின் முன்னால் வைத்தாள். எழுதுகோலையும் எடுத்து, முனை அவள் பக்கமாக இருக்கும்படி வைத்தாள்.

"உங்க பேர்லயே குடுங்க ஆன்ட்டி. அத்தைகிட்டக் காட்ட மாட்டேன். அம்மா கைன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குப் பழகிப்போச்சு. அது இல்லாம நான் எப்படித் தூங்கறது?"

சுகிர்தாவுக்கு ஆசையாக இருந்தது. அதை அவள் தனக்குள் மறைத்துக்கொள்ளவில்லை. பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருபத்து நான்கு வருடமாக வால்வுகளைத் திருகிப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கை. அந்தக் கை வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அது இல்லாமல் தூங்க முடியாது என்று ஒரு பெண் சொல்கிறாள். தான் அறியாமலே மூன்று மாதம் ஒரு குழந்தையின் தலைமாட்டில் இருந்திருக்கிறோம் என்று நினைக்க நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஒரு கையெழுத்து. ஜெமிமா இருந்தால் யோசித்திருக்கவே மாட்டாள். போட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள்.

அவள் எழுதுகோலை எடுத்தாள். படிவத்தின் மேற்புறத்தில் கேள்வி இருந்தது: 'யாருக்குப் பதிலாக?' பதில் எழுதும் இடம் காலியாக இருந்தது.

சக்கரங்கள் முழுவதும் நின்றுவிட்டன. கூடைக்கு ஒரு சாண் முன்னால், சுவரோரமாக, ஜெமிமா விட்டுவிட்ட பந்து கிடந்தது. நாலு மாதம் பாடுபட்டு அந்த இடத்தில் பந்து விழாமல் செய்தவள் தான்தான் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள். ஜெமிமா விட்டுப்போன இடத்தையும் தன் கையால் நிரப்பிவிடக் கூடாது என்று பட்டது.

"ஆன்ட்டி," என்றாள் கெசியா. "போடுங்க. நான் எண்ணக்கூட மாட்டேன்."

இரவில் பயமாக இருந்தால் போன் பண்ணு என்று சொல்ல நினைத்தாள். உன் அம்மா உன்னைக் கூட்டிவர மழைக்கு நின்றிருக்க மாட்டாள், நிற்காமல் கிளம்பியது உன்மேல் இருந்த அவசரம் என்று சொல்ல நினைத்தாள். அதையெல்லாம் இன்னொரு நாள் சொல்லலாம். இந்தப் பெண்ணோடு பேச இனி நாட்கள் இருக்கும் என்று தோன்றியது.

சுகிர்தா எழுதுகோலின் மூடியை மூடி, பலகையின்மேல் வைத்து, இரண்டையும் சத்தம் வராமல் கெசியாவின் பக்கமாகத் தள்ளினாள்.

"வேண்டாம் கண்ணு," என்றாள்.